துடைக்காத ஓரம்

— இல்லம்மா, இதைப் போட முடியாது. கோவிச்சுக்காதீங்க.

— ஏன் ஏலாது, பாலமுருகன் தம்பி? என்ரை விதுரன் ஜெர்மனியிலையிருந்து எடுப்பிச்ச சாமான். ஊசிக்குள்ளை வெள்ளி உருக்கி விட்ட மாதிரிக் கிடக்கு. உங்களுக்குப் போடத் தெரியாதோ?

— தெரியும்மா. இது லிக்விட் மெட்டல். சாதாரணமா தடவற பேஸ்ட்டை விட சூட்டை நல்லா இறக்கும். ஆனா இதோ இந்த விதுரன் கம்ப்யூட்டர்ல, சிப்பு மேல இருந்து சூட்டை இழுக்கற ஹீட் சிங்க் அலுமினியம். இது பட்டா கரையான் மாதிரி அரிச்சிடும். கொஞ்ச நாள்ல உதிர்ந்தே போயிடும்.

— அப்ப அவன் தெரியாமலோ வாங்கினவன்?

— தெரியும். செம்புல ஒண்ணு வாங்கி மாத்தப் போறேன்னு சொல்லிட்டிருந்தான்.

— அதை வாங்க முதலே மோட்டோரினோ ஸ்கூட்டரிலை போய் அடிபட்டிட்டான்.

— அம்மா, டீ ஆறுது. வேலையிலேருந்து நேரா வந்திருக்கீங்க. முதல்ல குடிங்க.

— வையுங்கோ ஸ்ருதி பிள்ளை, குடிக்கிறன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் நாள் பிள்ளை. வடைக்கு உழுந்து ஊறப்போட்டுக்கொண்டு நிக்கிறன், போஸ்ட்காரன் பெல் அடிக்கிறான். விதுரன் ஆர் எண்டு கேட்டான். என்ரை மகன் எண்டு சொல்லிக் கையெழுத்துப் போட்டனான். பெடியன் போய் அண்டைக்கு முப்பது நாள். அவனுக்குப் பார்சல் வருகுது.

— ஐயோ, அம்மா...

— அழாதை பிள்ளை. தம்பி, அவன் வாங்கினதையே போடுங்கோ.

— பேஸ்ட்டே போதும்மா. பழசு காஞ்சு போச்சு, அதான் ஃபேன் அந்தக் கத்து கத்துது. புதுசாத் தடவினா சத்தம் குறைஞ்சிடும்.

— சத்தத்துக்குத்தானே தம்பி அவன் இதை எடுப்பிச்சது! எங்கடை வீடு தெரியும்தானே, ஒரு அறை. நான் விடிய அஞ்சு மணிக்கு எழும்பி சிஞ்ஞோரா வீட்டு வேலைக்குப் போகோணும். நீ கொம்பியூட்டரோ பாக்கிறாய், பிளேனோ ஓட்டுறாய் எண்டு ஒவ்வொரு நாளும் ஏசினனான். 'பொறுங்கோ அம்மா, ஒரு சாமான் வருகுது. பிறகு நீங்கள் நிம்மதியாய் நித்திரை கொள்ளலாம்' எண்டவன். இப்ப சத்தமும் இல்லை, நித்திரையும் இல்லை. எனக்காண்டி வாங்கினது. அதைக் குப்பையிலை போட எனக்கு மனம் வராது.

— சரிம்மா. கழட்டிக் காட்டறேன், நீங்களே பாருங்க. இதோ, இதுதான் ஹீட் சிங்க். நடுவுல சாம்பல் கலர்ல காஞ்சு கிடக்கே, அது பேஸ்ட். ஸ்ருதி, அந்த ஸ்பிரிட்டும் பஞ்சும் குடு. இதைத் துடைச்சிட்டு...

— நில்லுங்கோ! துடைக்காதேங்கோ!

— என்னம்மா?

— இஞ்சை, இந்த ஓரத்தைப் பாருங்கோ. சின்னச் சின்னக் கோடாய்... விரலெல்லே? ஆரின்ரையோ விரல் பதிஞ்சு கிடக்கு.

— ம். சிப்பு படாத ஓரம். அதான் நசுங்காம அப்படியே காஞ்சிருக்கு.

— என்ரை பிள்ளையின்ரையோ?

— பாலா, அன்னிக்கு நீங்க—

— ஸ்ருதி, அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவரை எடு.

— கேக்கிறனெல்லே தம்பி. விதுரன்ரையோ?

— ஆமாம்மா. அவன்தான். ரெண்டாயிரத்து ஏழு கிறிஸ்துமஸ் லீவுல, இதே மேஜையிலதான் மாட்டினோம். கார்டால தடவுடா, விரலை வைக்காதேன்னு சொல்லிட்டே இருந்தேன்.

— கேட்டிருக்கமாட்டான்.

— கேக்கல.

— சின்னனிலையும் அப்பிடித்தான். கரண்டி குடுத்தாலும் கையாலைதான் அள்ளுவான். எவ்வளவு வடிவாய்ப் பதிஞ்சிருக்கு...

— உக்காருங்கம்மா.

— எனக்கு அவன்ரை அடையாளம் எண்டு ஒண்டும் இல்லை பிள்ளை. இருபது வருசமாய் பிறத்தியாற்றை வீட்டைத் துடைக்கிற கை. கண்ணாடி மேசையிலை ஒரு விரல் அடையாளம் கண்டாலே சிஞ்ஞோரா முகத்தைச் சுழிப்பா. செத்தவீட்டுக்குச் சனம் வருகுதெண்டு நான் துணியை எடுத்தனான். சுவிச், கதவுப்பிடி, கண்ணாடி, அவன்ரை கீபோட், ஒண்டும் விடேல்லை. அழுது அழுது துடைச்சன். முடிச்சாப் பிறகுதான் யோசிச்சன், நான் என்னத்தைத் துடைச்சுப்போட்டன் எண்டு.

— அம்மா, அழாதீங்க. இதுல கை வைக்கமாட்டேன். இது அப்படியே உங்களுக்கு. வேற ஒண்ணு மாட்டறேன்.

— வேறை எங்காலை?

— என் கம்ப்யூட்டர்ல இருக்கு, செம்பு. நானும் அவனும் ஒரே மாதிரி போர்டுதான் வாங்கினோம், சரியா உக்காரும். செம்புன்னா லிக்விட் மெட்டலையே போடலாம். அவன் வாங்கினதையே.

— பாலா, அது உங்க ஆராய்ச்சி ஓடற மெஷின்.

— ரெண்டு நாள் நின்னா ஒண்ணும் முழுகிப் போயிடாது ஸ்ருதி. அந்த பிஸ்கட் டப்பாவைக் காலி பண்ணிக் குடு, அம்மா அதுல இதை எடுத்துட்டுப் போகட்டும். விரல் பட்ட பக்கம் மேல இருக்கணும், எதுவும் உரசக் கூடாது.

— இருங்க, அடியில பஞ்சு வைக்கறேன்.

— என் மெஷின்லேருந்து செம்பைக் கழட்டியாச்சு. ஒரே ஒரு சொட்டு போதும்மா. வெளிய சிந்தினா போர்டே போயிடும். ஆடாம இருங்க... முடிஞ்சுது.

— எப்ப தம்பி கொம்பியூட்டரைப் போடுவியள்?

— போட்டாச்சும்மா. ஓடிட்டிருக்கு.

— ஓடுதோ? ஒரு சத்தத்தையும் காணேல்லையே.

— காதைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

— ஓம்... ஓம் தம்பி. சொன்னதைச் செய்துபோட்டான் என்ரை பிள்ளை.

— கொஞ்ச நேரம் ஓடட்டும், சூடு ஏறுதான்னு பாக்கறேன். சாயந்திரம் நானே ஒரேத்தோ தெருவுக்கு, உங்க வீட்டுக்கே கொண்டு வந்து வெச்சுத் தரேன்.

— கொண்டு வாங்கோ. இந்த டப்பாவை மட்டும் நான் கையோடை கொண்டுபோறன். நாலு மாசமாய் வெறுங்கையோடை வீட்டை போறன் தம்பி. கடவுள் உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் விடமாட்டார். நான் போயிட்டு வாறன்.

— படி பாத்து இறங்குங்கம்மா.

— ஓம், ஓம்.

...

— அம்மா தெரு முனை திரும்பிட்டாங்க. டப்பாவை நெஞ்சோட அணைச்சுப் புடிச்சிட்டுப் போறாங்க. பாலா, இப்பவாவது சொல்லுங்க. அன்னிக்குக் கை முழுக்க சாம்பல் கலரோட தோசை எடுக்க வந்து என்கிட்ட திட்டு வாங்கினது நீங்கதானே?

— ஆமா.

— அப்ப விதுரன்?

— டார்ச் புடிச்சிட்டு நின்னான். 'கார்டாலை தடவுங்கோ அண்ணா, விரலை வைக்காதேங்கோ'ன்னு சொல்லிட்டே இருந்தான்.