கொக்கு எழும்பினால்

யுத்த காலம். கண்டி பஸ்ஸில் தமிழர் உரக்கப் பேசுவதில்லை. முன் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்திலிருந்த பன்வில தேயிலைத் தோட்டத்து அம்மாவிடம் முணுமுணுத்தார்.

"யாழ்ப்பாணத்துக்கு ரோட்டால போகேலாது அம்மா. கடலோரப் பறவைச் சரணாலயத்துக்குள்ளால சேத்துப் பாதை இருக்கு. கொக்கு மேய்ஞ்சா நடவுங்கோ. எழும்பினா ஆரோ வாறாங்கள், உடன குந்திடுங்கோ."

"அங்க மகளுக்குப் புள்ள பொறந்திருக்கு, போகாம முடியாது. நீங்க அப்படித்தான் வந்தீங்களா தம்பி?"

"ஓம். மூண்டு பேர் வெளிக்கிட்டனாங்கள்."

"மத்த ரெண்டு பேரு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியது. மகாவலிக் கரையிலிருந்து கொக்குகள் கூட்டமாக எழும்பின. அவர் சட்டென்று இருக்கைகளுக்கு நடுவே குந்திவிட்டார். பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

குந்தியிருந்தவரைக் காட்டி, தன் மகனுக்கு வயிற்றுவலி என்று அந்த அம்மா சிங்களத்தில் எல்லோருக்கும் சொன்னார்.