பிராட்மேனுக்கு ஒன்பது ஓட்டு

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சார். பிராட்மேனை நான் மட்டமாக நினைப்பவன் இல்லை. சராசரி தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது நான்கு வைத்திருந்த மனிதரை எவனாவது மட்டமாக நினைப்பானா? ஆனால் அவர் டெஸ்ட் ஆடியது இரண்டே நாடுகளில். சச்சின் ஆடியது பத்து நாடுகளில். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள் என்பதுதான் என் பிரச்சினை.

நகரியில் எங்கள் தெருவில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு கிரிக்கெட் மன்றம் வைத்திருக்கிறோம். எல்லாரும் தறியை நம்பிப் பிழைப்பவர்கள். நான் பவர்லூம் மெக்கானிக். நூல் கடை மாடியில் ஓர் அறை. போகிக்குப் போகி சுவருக்கு வெள்ளையடித்து, ஓட்டெடுத்து, எக்காலத்துக்கும் சிறந்த பத்து டெஸ்ட் ஆட்டக்காரர்களின் பெயரைப் புதிதாக எழுதுவோம். அடுத்த போகி வரை அதுதான் தீர்ப்பு. பத்தொன்பது வருஷமாக முதல் பெயர் பிராட்மேன், ஆறுக்கு ஐந்து கணக்கில். அந்த ஆறாவது ஓட்டு உமாபதியுடையது.

உமாபதி என் சிநேகிதன். பக்கத்துப் பக்கத்து ஷெட். சின்ன வயதில் சித்தூர் ஜில்லா அணிக்கு மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறான். மூன்றே மூன்றுதான், ஆனால் அதைச் சொல்லாத நாள் கிடையாது. நான் ஆடுகளம், எதிரணி, பந்துவீச்சு என்று எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பேசுவேன். அவன் டீயை உறிஞ்சிவிட்டு ஒரே பேச்சில் கவிழ்த்துவிடுவான்.

“பூஷணம், நீ பேட்டு புடிச்சிக்கிறியாடா? ஹெல்மெட்டு இல்லாம நின்னுக்கினு ஆடனவங்கடா அவுங்க. நீ நட்டு முடுக்கறவன், உனுக்கு இன்னா தெரியும்?”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இதையெல்லாம் எண்ணி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். போன வருஷம் மட்டும் இருபத்தாறு முறை.

மார்கழியில் திருப்பதியிலிருந்து ஒரு கோச்சிங் சென்டர்காரர் பந்து எறியும் மெஷினை ரிப்பேருக்குக் கொண்டுவந்து போட்டார். இரண்டு சக்கரம் சுற்றும், நடுவில் பந்தை விட்டால் பிடுங்கி எறியும். வேகத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். மோட்டாருக்குப் புதுக் கம்பிக் காயில் கட்டி ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. நேராக உமாபதியிடம் போனேன்.

“ஹெல்மெட்டு இல்லாம, தொப்பி போட்டுக்கினு ஒரு ஓவர் நில்லுடா. நின்னுட்டா என் ஓட்டு பிராட்மேனுக்கு. நிக்கலன்னா உன் ஓட்டு சச்சினுக்கு.”

“அடப்பாவி, எனுக்கு ஐம்பத்தொம்போது வயசுடா. தொண்ணூறு கிலோமீட்டர்ல வை. அதுக்கு மேல போச்சின்னா பொன்னியம்மா உன்ன வுட மாட்டா.” பொன்னியம்மா அவன் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்துக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். பந்தைத் தவறவிட்டால் மானம் போய்விடும், வேறு யாரும் வேண்டாம் என்று சொன்னதே அவன்தான்.

நியாயமாகச் சொல்கிறேன், ஆறு பந்தையும் அழகாக ஆடினான். பேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “இந்த வாட்டி சுவுத்துல பெருசா எழுதுடா” என்றான். பிராட்மேன் கேப்டனாக இருந்தபோது ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு எட்டுப் பந்து என்று நினைவுபடுத்தினேன். நீங்கள் வேண்டுமானால் போனில் பார்த்துக்கொள்ளுங்கள், உண்மைதான். அவன் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் நின்றான்.

ஏழாவது பந்தை நூற்றிருபதில் வைத்தேன். காதை உரசிக்கொண்டு போனது. எட்டாவது நூற்று நாற்பத்தைந்து.

ஆம்புலன்ஸ் புத்தூர் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. வேகத் திருகு கெட்டு, வேகம் தானாக ஏறிவிட்டது என்று சொன்னேன். பூஷணம் தறிச் சத்தத்தில் காது மந்தமான ஆள், உமாபதி கத்தியிருந்தாலும் இவனுக்குக் கேட்டிருக்காது என்று ஊரே எனக்காகப் பேசியது. பொன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இன்னா பண்ணுவ அண்ணா, அவுரு தலையெழுத்து” என்று அழுதாள். தங்கமான மனுஷி.

இது இத்தோடு போயிருக்கும், சார். போகியன்று நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மீதி பத்துப் பேர். ஐந்துக்கு ஐந்து வரும், சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று எதிர்பார்த்துப் போனேன். செயலாளர் ஹரிபிரசாத் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அவ்ளோ வேகத்துல வந்த பந்துக்கு ஹெல்மெட்டு இல்லாம அசையாம நின்னான்பா நம்ம உமாபதி. பழைய ஆளுங்கன்னா இன்னான்னு இப்ப தெரிஞ்சிதா?” என்றான். அவ்வளவுதான், என் பக்கத்து நான்கு பேரும் கட்சி மாறிவிட்டார்கள். பிராட்மேனுக்கு ஒன்பது, சச்சினுக்கு ஒன்று. பொய்யான தகவலை வைத்து எடுத்த ஓட்டு அது. அந்தச் சுவரை இன்னும் ஒரு வருஷம் நான் எப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார முடியும்? அதனால்தான் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவன் அசையாமல் நிற்கவில்லை. ஏழாவது பந்து போனதும் பேட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கையை உயர்த்திக் காட்டினான். தறி ஓடும்போது எங்களுக்கு யார் பேசுவதும் காதில் விழாது. கை உயர்ந்தால் நிறுத்து என்று அர்த்தம், அதைப் பார்த்தவன் உடனே ஸ்விட்சை அணைக்க வேண்டும். முப்பத்துநான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் தவறியதில்லை. உதட்டைப் பார்த்தே என்ன பேசுகிறார்கள் என்றும் எங்களுக்குப் புரிந்துவிடும். அவன் சொன்னது எழுத்துக்கு எழுத்து புரிந்தது.

“சாலுடா பூஷணம், போதும். உன் சச்சினே பெரியவன். வுட்டுர்ரா.”

முறைப்படி பந்தைத் தலைக்கு மேலே தூக்கி அவனுக்குக் காட்டினேன். அவன் பார்த்தான் என்று உறுதி செய்துகொண்டுதான் மெஷினில் விட்டேன். கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள், எனக்கு அவன்மேல் என்ன கோபம்?

மன்றத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். உமாபதியின் ஓட்டு சச்சினுக்கு. செத்தவன் ஓட்டு செல்லாது என்று ஹரிபிரசாத் சட்டம் பேசுவான். ஆனால் அதைச் சொன்னபோது அவன் உயிரோடுதான் இருந்தான், சார்.