4713, கறுப்பு, பச்சைக் கதவு

மூன்றுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம் இடது பக்கத்தில்தான் இருக்கிறது. வலது பக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். துருப்பிடித்த தகட்டில் இடது பக்கம் போய்விட்டால், படிக்கிறவர் சொல்வதுதான் எண்.

டீச்சரின் கைப்பையில் என் கையெழுத்தில் நான்கு சீட்டுகள் இருந்தன, அவை என்ன என்று நீங்கள் கேட்டீர்கள் இன்ஸ்பெக்டர் சார். நான் பதில் சொல்லவில்லை. பயத்தால் அல்ல. எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வராது. எழுத வரும். அதனால் எழுதித் தருகிறேன். முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு என்னைக் கூப்பிடுங்கள்.

மாமாவின் பட்டறையில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பழைய காலத்துக் கார்களை வாங்கி, டிங்கரிங் செய்து, பெயின்ட் அடித்து, ஆசைப்படுகிறவர்களுக்கு விற்கிறோம். விற்க வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் வண்டிக்குப் பத்து வயது கூட்டித்தான் சொல்வார்கள். மாமா என்னைப் பார்ப்பார். நான் நம்பர் பிளேட்டைப் பார்ப்பேன். முதல் எழுத்துகள் எந்த அலுவலகத்தில் பதிந்தது என்று சொல்லும். அடுத்த எழுத்து வரிசையைச் சொல்லும். அந்த வரிசை எந்த வருடம் தொடங்கி எந்த வருடம் தீர்ந்தது என்று என் நோட்டில் இருக்கிறது. எண்ணைப் பார்த்தால் மாதம் வரை சொல்லிவிடுவேன். அந்தக் காலத்து பிளேட்டுகள் கையால் எழுதியவை. பெயின்டருக்குப் பெயின்டர் கை மாறும். ஒருவர் ஏழுக்கு இடுப்பில் கோடு போடுவார். ஒருவர் நான்கின் தலையை மூட மாட்டார்.

முப்பத்தெட்டு நோட்டுகள் வைத்திருக்கிறேன். எதிலும் அடித்தல் திருத்தல் கிடையாது. நன்றாகப் பார்த்த பிறகுதான் எழுதுவேன்.

"பொண்ணு பாக்க வந்தவன் மூஞ்சிய இவ பாக்கல சார், அவன் வந்த வண்டி நம்பரைத்தான் பாத்தா. அவன் ஓடியே போய்ட்டான்," என்று மாமா உங்களிடம் சொன்னார், நீங்கள் முதல்முறை வந்த அன்று. நீங்கள் சிரித்தீர்கள். அதற்காக எனக்கு உங்கள் மேல் வருத்தமில்லை. சிரிப்புக்கு நான் பழகிவிட்டேன்.

கல் குவாரியை மறுபடி தோண்டுவதற்காகத் தண்ணீரை இறைத்ததும், அடியில் ஒரு காரும் அதற்குள் ஓர் ஆளின் எலும்புகளும் கிடைத்ததும் ஊருக்கே தெரியும். அந்தத் தகட்டை நீங்கள் ஒரு சாக்குத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள்.

"இதுல ஏதாவது தெரியுதா பாரும்மா. எங்காளுங்க நாலு பேர் பாத்தாங்க. நாலு பேரும் நாலு நம்பர் சொல்றாங்க."

"குடுத்துட்டுப் போங்க சார்," என்றார் மாமா. "மனுஷங்ககிட்டதான் பேச மாட்டா. தகடுன்னா அதுவா வந்து இவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடும்."

நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். "பதினேழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டீச்சரோட வீட்டுக்காரர் வண்டியோட காணாமப் போயிருக்கார். அதுதானான்னு தெரியணும். எஞ்சின்ல நம்பர் அரிச்சுப் போச்சு. எலும்பை வெச்சுப் பாக்கலாம்னா அவருக்குப் பிள்ளையும் இல்ல, கூடப்பொறந்தவங்களும் இல்ல. இந்தத் தகடு ஒண்ணுதான். அவரு நம்பர் என்னன்னு உங்கிட்ட சொல்ல மாட்டேன். நீயா படி."

நேர்மையான முறை. ஆனால் அந்த எண்ணை நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் எங்களுக்குக் கணக்கு எடுத்தார். என் முதல் நோட்டு அப்போது பாதி நிறைந்திருந்தது. எங்கள் தெருவில் போகும் வண்டிகள், நிற்கும் வண்டிகள், எந்த வீட்டு முன்னால், எத்தனை மணிக்கு என்று எழுதிவைப்பேன். யாருக்கும் காட்டியதில்லை. யாருக்கும் தொந்தரவு இல்லை. ஒருநாள் கணக்கு நோட்டுக்கு அடியிலிருந்து டீச்சர் அதை உருவி எடுத்தார். தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கலாம். என்னிடம் தனியாகக் கேட்டிருக்கலாம். அவர் மேடைமேல் ஏறி நின்று சத்தமாக வாசித்தார், குரலை என்னுடையது போல மெலிதாக்கி.

"கேளுங்கடி, நம்ம கலெக்டரம்மா கணக்கெடுத்திருக்காங்க. பால் வண்டி, காலைல ஆறு பத்து. வக்கீல் வண்டி, இடது விளக்கு எரியல. நாலு ஏழு ஒண்ணு மூணு, கறுப்பு, பழைய மாடல், புதனும் சனியும் நாலு மணி, பச்சைக் கதவு. நர்ஸைப் பார்க்க வருகிறார்."

வகுப்பு சிரித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது பெஞ்சில் இருந்த பல் டாக்டர் மகள் மட்டும் எழுந்து, "டீச்சர், அது உங்க வீட்டு சார் வண்டில்ல?" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த சிரிப்பு வேறு. அது என்னைப் பார்த்துச் சிரித்தது அல்ல. ஆனால் அடி எனக்குத்தான் விழுந்தது. மர ஸ்கேலின் விளிம்பால், விரல் முட்டிகளில், பதினோரு அடி. நான் எண்ணினேன். எண்ணுவது என் பழக்கம். "வேவு பாக்கிற நாயே," என்றார். நோட்டை அவரே வைத்துக்கொண்டார். அன்றைக்கு மாலைக்குள் எனக்கு 'வேவு' என்று பெயர் வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவருடைய வீட்டுக்காரர் வண்டியோடு காணாமல் போனார். அதே மாதம் பச்சைக் கதவு வீட்டு நர்ஸும் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலை மாறிப் போனாள். ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. டீச்சர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். தெருவே வெளியே வந்து நின்றது.

"உங்க பொண்ணு எழுதி எழுதியே என் குடும்பத்தைக் கலைச்சிட்டா. இனி இவ அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்தா நான் இருக்க மாட்டேன்."

டீச்சர் பள்ளியில் இருந்தார். அம்மா என் புத்தகப் பையை எடுத்துப் பரண்மேல் போட்டாள். கணக்கில் நான்தான் வகுப்பில் முதல் என்பதை அன்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பேச்சு வரவில்லை.

கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். பதினேழு வருடம் ஒரு கோபம் தாங்குமா. எனக்கு அதெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது.

தகட்டைக் கழுவி வெயிலில் காயவைத்தேன். சாக்கட்டியைத் தூளாக்கிப் பூசி ஊதினேன். பிறகு பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். பெயின்ட் இருந்த இடத்தைத் துரு தாமதமாகத்தான் தின்னும். அங்கே தகடு மயிரிழை உயர்ந்து நிற்கும். நான்கு தெரிந்தது, தலை மூடாத நான்கு. ஏழு. ஒன்று. கடைசியில் வலது பக்கம் இரண்டு வயிறு. இடது பக்கம் ஒன்றுமே எழுதியதில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத மூன்று.

அதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கீழே வலது மூலையில் ஒரு புள்ளி இருந்தது.

எழுதி முடித்ததும் பிரஷ்ஷின் பின்முனையால் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கிற பெயின்டர் இந்த ஊரில் ஒருவர்தான் உண்டு. அவர் கை பட்ட பிளேட்டுகள் பட்டறைக்கு ஆறு வந்திருக்கின்றன. மாமாவிடம் கேட்டு, அவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, மறுநாள் போனேன். அவருக்குக் கை நடுங்குகிறது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார்.

"நாலு ஏழு ஒண்ணு மூணா? மறப்பேனா. என் கடைசி நல்ல வேலை அது. டீச்சர் வீட்டுக்காரரு. புதனும் சனியும் வந்து உக்காந்துக்குவாரு, நான் தேய்க்கிறதை வேடிக்கை பாத்துக்கிட்டு. பொண்டாட்டி பொறந்தநாளுக்குப் புது வண்டி மாதிரி கொண்டுபோய் நிறுத்தணும்னாரு. அதுவரைக்கும் அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னாரு."

பட்டறை எங்கே இருந்தது என்று கேட்டேன்.

"உங்க தெருவுலதாம்மா. பச்சைக் கதவு வீடு. முன்பக்கம் ஒரு நர்ஸம்மா குடியிருந்தாங்க. நான் பின்னாடி ஷெட்டுல."

அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அன்னைக்குத்தான் பழசைக் கழட்டிட்டுப் புது பிளேட்டு மாட்டினேன். டீச்சர் வர்ற நேரம், மெயின் ரோட்டுல போனா பாத்துடுவாங்க, குவாரி வழியாப் போறேன்னு கெளம்பினாரு. பிரேக்கு இன்னும் சரியாப் பிடிக்கல, மெல்லப் போங்கன்னேன். அப்புறம் ஓடிட்டாருன்னு ஊரே பேசிச்சு. என்னை யாரும்மா கேட்டாங்க? கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க."

நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியில் ஒரு வண்டியின் எண்ணையும் பார்க்கவில்லை.

மறுநாள் தின்னரில் நனைத்த துணியால் அந்தப் புள்ளியைத் துடைத்தேன். லேசாகத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது, வந்துவிட்டது. உங்கள் தாளில் 4718 என்று எழுதினேன். அந்த எண்ணை நான் கண்டபடி எடுக்கவில்லை. அதே வரிசை, அதே கறுப்பு. மூடிப்போன ஒரு மருந்து கம்பெனியின் கார். அந்தக் கம்பெனி ஆட்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் தேடினீர்கள், கிடைக்கவில்லை. ஊரும் பேரும் இல்லாத எலும்புகளைப் புதைக்கிற இடத்தில் அவரைப் புதைத்தீர்கள். நான் பிறகு போய்ப் பார்த்தேன். ஒரு மரக்குச்சியில் எண் எழுதிக் குத்தியிருக்கிறார்கள். அதையும் குறித்துவைத்திருக்கிறேன். உங்களுக்குத் தேவைப்படும்.

அடுத்த வாரம் டீச்சர் பட்டறைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முழங்கால் வலியால் படியை ஒவ்வொன்றாக ஏறினார். பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"நீதான் படிச்சியாமே. இன்ஸ்பெக்டர் சொன்னார், நீ சொன்னா தப்பாது, நம்பலாம்னு."

நான் தலையசைத்தேன்.

"எட்டுதானா? மூணு இல்லையே?"

"எட்டுதான் டீச்சர்."

நாற்காலியை என் பக்கம் இழுத்து உட்கார்ந்தார். பிறகு என் கையை எடுத்து விரல் முட்டிகளைத் தடவினார். "அன்னைக்கு உன்னை அப்படி அடிச்சிருக்கக் கூடாது. நீ பாத்ததைத்தானே எழுதின. புதன், சனி. நிஜமாவே பாத்தியா?"

"பாத்தேன் டீச்சர்."

"அப்போ அவர் போனது போனதுதான். ஆனா அந்தக் குழிக்குள்ள இல்ல. எங்கேயோ உசுரோட இருக்கார்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு வீம்பெல்லாம் போச்சும்மா. ஒரு தடவை பாத்தா போதும். நாலு ஊர் வண்டி வர்ற இடம் இது. அந்த நம்பர் எங்கேயாவது கண்ணுல பட்டா சொல்றியா?"

அவர் கேட்டதைத்தான் நான் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து முதல் சீட்டு: ஊர், தெரு, பார்த்ததாக ஒருவர் சொன்ன நாள். அவர் பஸ்ஸில் போனார். அந்தத் தெருவில் மூன்று நாள் வீடு வீடாக விசாரித்துவிட்டுத் திரும்பி வந்து, எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது சீட்டுக்கு ஒன்பது மணி நேரப் பயணம். மூன்றாவதுக்குப் போனபோது நல்ல மழைக்காலம், காய்ச்சலோடு வந்தார். ஒவ்வொரு தடவையும் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. அந்த ஊர்களின் பழைய பதிவு வரிசைகளும் என் நோட்டில் இருந்தன. எழுதும்போது எல்லாம் பொருந்தி வந்தது. அவ்வளவுதான்.

அந்த ஒன்றரை வருடமும் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பட்டறையில் மாமாகூடக் கவனித்தார். "உன் டீச்சரு பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்காங்களே," என்றார். ஒரு மரக்குச்சியைவிட அது மேல் இல்லையா என்று உங்களைக் கேட்கிறேன்.

நான்காவது ஊரின் பஸ் நிலையத்தில், கோடை வெயிலில், சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்து மாலை வரை விட்டுவிட்டார்களாம். அந்த ஊருக்கு நான் போனதில்லை. அங்கே பெஞ்சுக்கு மேல் கூரை இருக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: நான்கு சீட்டும் நான் எழுதியவை. நான்கும் பொய். குவாரியில் கிடைத்தது 4713. இறந்தவர் டீச்சரின் வீட்டுக்காரர். அவர் யாரோடும் ஓடவில்லை. தெரிந்தே மாற்றி எழுதினேன். பெயின்டரின் விலாசத்தைப் பின்னால் எழுதியிருக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இருவரையும் ஒரே இடத்தில் வைக்க முடியுமானால் வையுங்கள்.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கைப்பையில் சீட்டுகளோடு ஒரு பழைய நோட்டும் இருந்தது என்றீர்கள். நீல அட்டை, பாதி நிறைந்தது. இத்தனை வருடமும் டீச்சர் வைத்திருந்திருக்கிறார். அது என் முதல் நோட்டு. வழக்கு முடிந்ததும் அதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நர்ஸைப் பற்றிய அந்த வரியின் மேல் நீங்கள் யாரும் பேனாவை வைக்க வேண்டாம். என் நோட்டுகளை எடுத்துப் பாருங்கள் சார், முப்பத்தெட்டிலும் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.