மூன்று தட்டுக் கேரியரை ராணுவ ஸ்டோரிலிருந்து எடுத்து வந்தது சம்பந்தமாக

என் பெயர், முகவரி, கணவர் பெயர் எல்லாவற்றையும் ஏட்டு ஐயா முதல் தாளில் எழுதிக்கொண்டார். வயது எழுபத்திரண்டு. ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவேன், கைநாட்டு கிடையாது.

எனக்குப் பேரப்பிள்ளைகள் நான்கு பேர். மூத்த பேரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்; அவன் இறக்கிய பெட்டி ஒன்றுகூட இதுவரை நசுங்கியதில்லை. அவன் தம்பி லிப்ட் பழுது பார்க்கிறான். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்களே பாதியில் மாட்டிக்கொண்டு அவனைத்தான் கூப்பிட்டார்கள். மகள் வயிற்றுப் பேத்தி பல் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டாள். இந்த இடத்தில் ஏட்டு ஐயா விஷயத்துக்கு வரச் சொன்னார். நான்காவதாக உள்ள பேத்திதான் விஷயம்.

அவள் என் இளைய மகனின் பெண். ராணுவ ஸ்டோரில் பொருள் அடையாளப் பிரிவில் தற்காலிக வேலை. இந்த மாதம் நிரந்தரம் செய்ய வேண்டும். திருகாணி முதல் அண்டா வரை ராணுவத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் முதலில், தன்மை அடுத்து, பிறகு உலோகம், அளவு என்று எழுதி ஒரு நம்பர் கொடுப்பார்கள். ஒரு பொருளுக்கு இரண்டு நம்பர் இருக்கக் கூடாது, இரண்டு பொருளுக்கு ஒரு நம்பர் இருக்கக் கூடாது. வீட்டிலும் அவளுக்கு அதே பேச்சுதான். "கரண்டி, குழிவானது, நீளக் கைப்பிடி எங்கே பாட்டி?" என்றுதான் கேட்பாள்.

சம்பவத்தன்று அவள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனாள். நான் நான்கு தட்டுக் கேரியரில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வாசல் காவலர், "உள்ளே விடமாட்டாங்க பாட்டிம்மா, குடுங்க, நான் சேத்துடறேன்" என்று வாங்கிக்கொண்டு, கதவுக்குப் பக்கத்து மேஜையில் வைத்தார். நம்பர் போட வந்த புதுப் பொருள்களை வைக்கும் மேஜை அது. அவர் வேலைக்குப் புதுசு.

அதன் பிறகு மேஜையில் இருந்த மற்றச் சாமான்கள் போன வழியிலேயே கேரியரும் போயிருக்கிறது. ஒருவர் உயரம் அளந்தார். ஒருவர் காந்தம் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு அடித்தட்டில் இருந்த பருப்பை "மஞ்சள், கெட்டியானது, உபயோகம் தெரியவில்லை" என்று எழுதி, அந்தத் தட்டை மட்டும் எண்ணெய், கிரீஸ் சோதிக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இதற்கு என் ஆட்சேபணையைப் பதிவு செய்கிறேன். அதன் பிறகு தாள் என் பேத்தியின் மேஜைக்குப் போனது. "பாத்திரம், அடுக்கு, எஃகு, நான்கு தட்டு" என்று சரியாக இருந்ததால், பொருளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டாள். பசி மயக்கம். தன் சாப்பாட்டுக்குத் தானே நம்பர் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் கேரியரை வாங்கப் போனேன். கதவுக்குப் பக்கத்து அலமாரியில் மூன்று தட்டோடு நின்றது. பேத்தி வெளியே வந்தாள்.

"சாப்பிட்டியாடி கண்ணு?"

"சாப்பாடு எங்கே பாட்டி வந்துச்சு?"

நான் அலமாரியைக் காட்டினேன். அவள் கேரியரைத் தூக்கி அடியில் அடித்திருந்த நம்பரைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு ஸ்டோர் அதிகாரி வந்தார். நாற்பது வருஷமாக என் வீட்டில் இருக்கும் பாத்திரம் என்று சொன்னேன். "சொந்தக்காரங்க யாருன்னு எழுத எங்க பதிவுல இடமே இல்லையேம்மா" என்றார். பொருளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவளை எப்படி நிரந்தரம் செய்வது என்றும் கேட்டார். பேத்தியின் முகம் செத்துவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது, கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஓடவில்லை, வேகமாக நடந்தேன். மூச்சிரைத்தது காவலருக்குத்தான்.

அதன் பிறகு பஸ் நிறுத்தத்திலிருந்து என்னை இந்த ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள். அதிகாரி, நான்கு தட்டுக் கேரியர் திருட்டு என்று புகார் எழுதிக் கொடுத்தார். பின்னாலேயே வந்த பேத்தி அதை வாங்கிப் படித்தாள்.

"சார், இதுல நாலு தட்டு. பாட்டி கையில இருக்கறது மூணு தட்டு. விவரம் மாறினா வேற பொருள். இது நம்ம பொருளே இல்ல."

"அடியில நம்பர் இருக்கேம்மா?"

"நம்பர் நாலு தட்டுக்குக் குடுத்தது சார். மிச்சத் தட்டு கிரீஸ் சோதனையில இருக்கு."

அதிகாரி தட்டுகளை எண்ணினார். ஏட்டு ஐயாவும் எண்ணினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. மூன்று தட்டுக் கேரியர் என்று ஒன்று பதிவில் இல்லை, ஸ்டோருக்குள் இருந்ததால் அதற்கும் நம்பர் போட்டாக வேண்டும் என்று, "குடு பாட்டி" என்றாள். "பாட்டி பாத்திரத்தையே பதிவு பண்ணுவியாடி நீ?" என்று நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவள் மறுபக்கம் பிடித்தாள். மூடி பறந்தது அப்போதுதான். அதிகாரி மேல் நான் எறியவில்லை.

அதிகாரி மூடியைப் பொறுக்கிக்கொண்டே, "பசியோட சொந்தப் பாட்டிகிட்டயே பிடுங்கறா. இவளை விட்டா வேற ஆளுக்கு நான் எங்கே போவேன்?" என்று சிரித்தார். புகாரை வாபஸ் வாங்கி, அவளை நிரந்தரம் செய்யச் சொல்லி அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதினார். அதைப் பார்த்த பிறகுதான் நான் கேரியரிலிருந்து கையை எடுத்தேன். மனப்பூர்வமாகவே கொடுத்தேன். யாரும் மிரட்டவில்லை.

மேலே உள்ளதை ஏட்டு ஐயா படித்துக் காட்டினார். கொஞ்சம் சுருக்கியிருக்கிறார், மற்றபடி நான் சொன்னதுதான், பொய் எதுவும் கலக்கவில்லை.

(கையெழுத்து)

கையெழுத்துப் போட்ட பிறகு சேர்க்கச் சொன்னது: நிரந்தரமானவர்களுக்குப் புது அடையாள அட்டைக்காக ஸ்டோரிலேயே படம் எடுப்பார்களாம். அவள் சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டும். அதில் ஒரு பிரதியை முதல் தாளில் உள்ள முகவரிக்குத் தபாலில் அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.