சுவரில் தட்டினால் வரும் வெளிச்சம்

பண்டத்தரிப்பு வாசிகசாலையின் தலைமைப் பீடத்தைத் தன் தலைநரையால் அழகு செய்யும் தலைவர் இராசநாயகம் ஐயா அவர்களே! தோட்டத்து மண் காயுமுன் சால்வை மாற்றி வந்திருக்கும் சான்றோர்களே! அடுப்பை மூடிவிட்டு அரைமணி முந்தியே வந்தமர்ந்த அன்னையரே! கதை கேட்கக் காது தீட்டி நிற்கும் கண்மணிகளே! சிறுவர் வகுப்பு ரீச்சர் அருமைநாயகியின் செந்தமிழ் வணக்கம்.

என்ன, பின்னுக்குக் கேக்கேல்லையோ? முருகேசு அண்ணை, மைக்குக்குக் கரண்ட் தாற உங்கடை மெஷினைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ. ஓம், இப்ப சரி.

இன்று நாம் கூடியது எதற்காக? ஒரு மாணவியின் மாயக்கதை நூலாகியிருக்கிறது. பெயர் ‘வெளிச்சம் விழுங்கி’. எழுதியவர் நம்மூர் அருந்ததி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் விலங்கியல் படிக்கும் பிள்ளை. போர்த் தடையால் அச்சுத்தாள் வராத காலமல்லவா? கோடு போட்ட கொப்பித்தாளிலேயே அச்சடித்தோம்.

யார் இந்த அருந்ததி? கிழமை நாளில் தவளையை அறுத்துப் படிப்பவள், சனிக்கிழமை அதே தவளைக்கு முடிசூட்டிக் கதை சொல்பவள்! சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோவைப் பாடவைப்பவள். செஸ் ஆட இருந்தால் சோறு கரிந்து மணத்தாலும் எழும்பமாட்டாள். சொன்னவர் அவள் தாயார் சிவக்கொழுந்து அக்கா. முறைக்காதேங்கோ அக்கா, சபையில் பொய் சொல்லலாமோ?

சனிதோறும் தன் கதையை வாசிகசாலைப் பிள்ளைகளுக்கு வாசிப்பாள். ஊர் விளக்கையெல்லாம் ஒரு பூதம் விழுங்கிவிடுகிறது. ஒரு சிறுமி பறக்கும் பாம்பில் ஏறி, ஏழு கடல் தாண்டி வெளிச்சம் தேடிப் போகிறாள். இதை நூலாக்கக் கேட்டோம். தலைவர் ஐயா சம்மதித்தாரா? “நாடு கிடக்கிற கிடையிலை பூதக்கதையோ? இருக்கிற தாளிலை உண்மையை அச்சடிப்பம்” என்றார். ஐயா இப்போது சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை!

அடுத்த சனிக்கிழமை ஐயாவும் வந்து பின்வரிசை வாங்கில் இருந்தார். பாம்பு பறந்தது, பிள்ளைகள் நம்பினார்கள். மீன் கதைத்தது, நம்பினார்கள். தவளை முடிசூடியது, அதையும் நம்பினார்கள். ஏழு கடலுக்கப்பால் ஒரு பட்டினம். அங்கே சுவரில் தட்டினால் வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தைச் சிறுமி தண்டவாளத்தில் ஓடும் கோச்சியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவருகிறாள்.

அப்போது எழும்பினாள் என் முதலாம் வகுப்புத் தர்சினி. “பொய் சொல்லாதேங்கோ அக்கா! சுவரிலை தட்டினா வெளிச்சம் வராது. கோச்சி எண்டு ஒண்டும் இல்லை.”

சபையோரே! ஊரில் மின்சாரம் நின்றபோது அவள் கைக்குழந்தை. விளக்கென்றால் அவளுக்கு ஜாம் போத்தலும் திரியும்தான். காங்கேசன்துறைக்குக் கோச்சி ஓடியதை அவள் கண்டதேயில்லை. பறக்கும் பாம்பை நம்பிய பிள்ளை, நாம் வாழ்ந்த வாழ்வை நம்பவில்லையே!

அருந்ததி தாள்களை மடித்தாள். “இனி எழுதமாட்டன் ரீச்சர். உள்ளதைக்கூட என்னாலை நம்பவைக்க ஏலேல்லை.” பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. “நிப்பாட்டாதை பிள்ளை. உண்மை உண்மையெண்டு நாங்கள் எழுதினதிலை உந்தக் கோச்சி இல்லை. உன்ரை கதையிலைதான் ஓடுது. அச்சடிப்பம்.” சொன்னவர் யார்? இதோ, இந்தத் தலைவர் ஐயாதான்! கைதட்டுங்கோ, இன்னும் பலமாய்த் தட்டுங்கோ.

பூதத்தைப் படைத்தது பொழுதுபோக்கவா? பாம்பைப் பறக்கவிட்டது பயங்காட்டவா? எங்கள் பிள்ளைகள் ஆசைப்பட மறந்துவிடக் கூடாதென்று எழுதினாளே, அந்த நெஞ்சுரத்தையல்லவா நான் போற்றுகிறேன்! இவளின் இருபத்தொரு வயதில் எனக்கு அது இருக்கவில்லை.

பொழுதும் பட்டுவிட்டது. தர்சினி, மேடைக்கு வா மோனை. முருகேசு அண்ணை தன் மெஷினிலிருந்து கம்பி இழுத்து, இந்தச் சுவரில் ஒரு சுவிச்சுப் பூட்டியிருக்கிறார். அம்மாமாரே, பயப்படாதேங்கோ, குண்டு போட வரும் ஹெலிச் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுவோம். ம், தட்டு மோனை.

ஆகா! பல்ப்பைப் பாராதேங்கோ சபையோரே, அவள் முகத்தைப் பாருங்கோ!

என்ன மோனை? மைக்கிலை சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்.

“அப்ப ரீச்சர்… கோச்சியும் வருமோ?”

ஓம் மோனை. வரும். வருமட்டும் உன்ரை அருந்ததி அக்கா எழுதுவா. என்ன அருந்ததி, எழுதுவீரோ? தலையாட்டுகிறா! இச்சபையே சாட்சி. இவ்வளவு நேரம் செவிசாய்த்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. கோச்சி வருகிற அன்றைக்கு ஸ்ரேசனில் சந்திப்போம். எல்லோருக்கும் வணக்கம்!