அடியேன் தாஸன் ரெடி

காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் காலை பஸ்ஸில், என் முன் சீட்டில் நெற்றியில் திருமண் இட்ட இளைஞன் ஒருவன் திடீரென்று, "அந்த அடியேன் தாஸனை இன்னிக்கு எப்படியாவது ஒழிச்சாகணும்டா" என்றான். கையிலிருந்த பேப்பரை அதன் பிறகு நான் படித்ததாக நினைவில்லை. பக்கத்தை மட்டும் ஒழுங்காகத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"யார்பா அவன்?" என்றான் பக்கத்திலிருந்த நண்பன்.

"யாருமே இல்லடா. பெரியப்பாவுக்கு மெயில் போட்டா கடைசியில 'அடியேன் தாஸன்'னு இருந்தாகணும். தினம் அடிக்கச் சோம்பல். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ்ல ஏ, டினு ரெண்டு எழுத்து அடிச்சா அதுவே முழுசாப் போட்டுக்கற மாதிரி வச்சுட்டேன்."

"நல்லாத்தானே இருக்குது?"

"முந்தாநாள் விளம்பரம் தயார்னு சொல்ல, 'நியூ ஆட் ரெடி'ன்னு அடிச்சு எல்லா மேனேஜருக்கும் ஒரே குரூப்பா அனுப்பினேன். 'நியூ அடியேன் தாஸன் ரெடி'ன்னு போயிடுத்து. ஜி.எம். வெளிநாட்டுக்காரர். புது ஆள்னு நினைச்சுண்டு அவனை உடனே அனுப்புங்கறார்."

நண்பன் சீட்டைத் தட்டிச் சிரித்தான். "உண்மைய சொல்லிடுபா."

"ஆபீஸ்ல சொந்த மெயில் அடிச்சதுக்குப் போன மாசம்தான் ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பினார். எனக்கு வேலை இன்னும் நிரந்தரம்கூட ஆகலை."

"அப்ப, தாசன் வேலை வேணாம்னு பூட்டான்னு சொல்லேன்."

"நேத்து அதைத்தான் சொன்னேன். சேரறதுக்கு முன்னாடியே ஓடினான்னா, உள்ளேயே யாரோ மிரட்டியிருக்கான்னு இன்னிக்குப் பத்து மணிக்கு விசாரணை வச்சிருக்கார். அவனோட கடைசியாப் பேசினவன் நான்தானாம்."