அன்னைக்குக் கொதிச்சுதா

இல்ல தம்பி, சரி பண்ணவே வேண்டாம். அதான் போன்லயே சொன்னேனே. பதினஞ்சு நாளா ஷெட்டுலதான் கெடக்கு, இனியும் நான் எடுக்கப் போறதில்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னைக்கு இந்த எஞ்சின் நெஜமாவே கொதிச்சுதா இல்லயா. அத மட்டும் பாத்துச் சொல்லிட்டுப் போங்க.

கடைசியா கை வச்சது யாரா? என் மச்சான்தான். பொண்டாட்டியோட கூடப்பொறந்த தம்பி. வாயாலயே வண்டி ஓட்டுவான். தண்ணி பம்ப் ஒழுகுதுன்னு அவன் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போனேன். மாத்திட்டேன் மாமா, கையோட சூடு பாக்குற சென்சாரையும் புதுசு போட்டுட்டேன், இனி பத்து வருஷத்துக்கு அசையாதுன்னு அடிச்சு சொன்னான். மூணாம் நாளே சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. போன் போட்டா, ஏறினா ஓரங்கட்டி அரை மணி ஆற விடுங்க மாமா, ஓட்டுனீங்கன்னா எஞ்சின் ஜாம் ஆயிடும், ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்னான். அவன் ஞாயித்துக்கிழமை எந்த மாசத்துல வரும்னு எனக்குத் தெரியாதா. அவன் வர்றதுக்கு முன்னாடியே அன்னைக்கு மறுபடியும் ஏறுச்சு.

ஆவியா? வரலயே. பானெட்டத் தெறந்து வச்சுக்கிட்டு நின்னேன், ஆவியும் இல்ல, கொதிக்கிற சத்தமும் இல்ல. தண்ணி டப்பாலயும் அளவு அப்படியேதான் இருந்துது. ஆமா, ஒரு சொட்டு கொறையல. ஏன் அப்படிப் பாக்கறீங்க?

ஸ்டார்ட் பண்ணிட்டேன், ஓடட்டும். அன்னைக்கும் கொஞ்சம் ஓடின பொறகுதான் ஏறுச்சு. முப்பது வருஷமா ஓட்டறேன் தம்பி, ஒரு வண்டியையும் நான் நாசம் பண்ணினதில்ல. அதுல எனக்கு ஒரு திமிரு உண்டு. கட்டினவள விட வண்டிக்குத்தான் உங்ககிட்ட மவுசுன்னு வீட்ல சொல்லிக் காட்டுவா.

இந்தா, ஏறிடுச்சு பாருங்க, சிவப்பு. நான் பொய் சொல்லல. அன்னைக்கும் இதே எடம். ரெண்டு தடவ நிறுத்தி ஆற விட்டேன். வண்டி போனாப் போவுது, நிக்காதீங்க, போங்கன்னா அவ. உனக்கு வண்டியப் பத்தி என்னடி தெரியும், நடுவழில படுத்துக்கிச்சுன்னா எதுல போவன்னு கத்தினேன். அப்புறம் அவ பேசல. நான் சொன்னது சரிதானே? ஓட்டியிருந்தா படுத்திருக்கும்ல? அத உங்க வாயால கேக்கத்தான் கூப்பிட்டேன்.

அதென்ன துப்பாக்கி மாதிரி? ஓ, சூடு பாக்குறதா. வைங்க, நல்லா கிட்ட வச்சுப் பாருங்க. எண்பத்தெட்டா. எண்பத்தெட்டுன்னா அதிகம்தானே? இல்லயா. அவ்வளவு இருக்கணுமா. எதுக்கும் அந்தப் பக்கம் ஒரு தடவ வச்சுப் பாருங்களேன். எண்பத்தேழா.

வேற மாடல் வண்டியோட சென்சாரா. ரெண்டும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்குமா. சரிதான், கைக்கு அகப்பட்டத மாட்டி விட்டிருக்கான். அப்ப எஞ்சின் கொதிக்கவே இல்ல. முள்ளு மட்டுந்தான் ஏறியிருக்கு. நான் பாட்டுக்குப் போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.

அவனத் திட்டி என்ன பண்றது. அவன் மாட்டின லட்சணம் அப்படி, ஆனா பிரேக்க மிதிச்சது என் காலு. வேண்டாம், உக்காரல, இப்படியே நிக்கறேன். பின்சீட்டுல அவ படுத்திருந்தா தம்பி, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு. அந்த ரோட்டுல கை காட்ட வேற ஒரு வண்டி கெடையாது, ஆம்புலன்ஸக் கூப்பிட போன்ல டவரும் கெடையாது. நான் பேப்பர மடிச்சு எஞ்சினுக்கு விசிறிக்கிட்டு நின்னேன். ஒரு மணி நேரம், ரெண்டு தடவயும் சேத்து.

ஆஸ்பத்திரில டாக்டர் சின்னப் பையன். ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே, ஏன் சார் இவ்வளவு லேட்டுன்னு கேட்டாரு. வண்டி சூடாயிடுச்சுன்னு சொன்னேன்.